ஓசூர் வாலிபரின் கேள்வி

சென்ற வாரம் ஓசூரிலிருந்து ஒரு வாலிபர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். வயது இருபத்து நான்கு இருக்கலாம். சிப்காட் பேட்டையிலுள்ள சிறு பட்டறைகளிலிருந்து இரும்பு உதிரிப் பாகங்களைப் பெரிய ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வதும், பாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கும் ரோஜாப் பூவை விடியுமுன்பே பெங்களூர்ச் சந்தையில் கொண்டு சேர்ப்பதும் அவருடைய ஜீவனம். ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரிட்டு அழைக்கிறார்களே, அந்தச் சிறு சுமை வண்டி ஒன்று அவருக்கு இருக்கிறது. 2014-ம் வருஷம் தகப்பனார் வாங்கியது, டீசலில் ஓடுவது. தகப்பனார் இப்பொழுது இல்லை. வண்டியும் தளர்ந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுத்தாக வேண்டும். திரும்பவும் டீசலே எடுப்பதா, பெட்ரோலுக்கு மாறிக்கொள்வதா என்று அவர் இரண்டு மாத காலமாக மனங் குழம்பிக் கொண்டிருக்கிறார்.

“ஐயா, நீங்கள் சட்டம் படித்தவர்கள். டீசல் வண்டியையே சர்க்கார் நிறுத்திவிடப் போகிறார்கள் என்கிறார்களே, அது வாஸ்தவமா? ஐந்து வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாவது வருஷம் வண்டியை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?” என்று அவர் கேட்டார்.

நாம் யந்திர சாஸ்திரம் கற்றவரல்லோம். கோர்ட்டுக் கட்டுகளையும் அச்சுக்கூடத்து மசியையும் தவிர வேறு எண்ணெயில் கை வைத்துப் பழக்கமும் இல்லை. ஆயினும் அந்த வாலிபர் கேட்டது யந்திரத்தைப் பற்றிய கேள்வியாக நமக்குத் தோன்றவில்லை. ஒரு பிரஜை தன் சர்க்காரின் வார்த்தையை எத்தனை வருஷத்துக்கு நம்பலாம் என்பதே அவர் கேட்டது. ஆகையால்தான் அதை இந்தப் பத்தியில் எடுத்துக்கொள்ளத் துணிந்தோம்.

முதலில், அவருடைய தகப்பனார் ஏன் டீசல் வண்டி வாங்கினார் என்பதைக் கவனிப்போம். 2010-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கினார்கள். டீசலின் மீதிருந்ததை நீக்கவில்லை. விவசாயியின் பம்பு, லாரி, பஸ் எல்லாம் டீசலில் ஓடுகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் விளைவு என்ன? 2012-ம் வருஷம் மே மாதக் கடைசியில் டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய் 18 பைசா. டீசல் 40 ரூபாய் 91 பைசா. ஒரே பங்கில், ஒரே தரையில், பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் வரும் இரண்டு எண்ணெய்களுக்கு இடையே 32 ரூபாய் வித்தியாசம்! விவசாயிக்கென்று கொடுத்த சலுகையைப் பட்டணத்துச் செல்வர் தம் பெரிய மோட்டார் கார்களில் ஊற்றிக் கொண்டார்கள். 2012-13-ல் தேசத்தில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார்களாயின. கார் செய்வோர் டீசல் யந்திரத்துக்கென்றே புது ஆலைகள் எழுப்பினார்கள். சர்க்கார் காட்டிய வழியில் தேசமே நடந்தது.

பிறகு சர்க்காருக்கு மனம் மாறிற்று. 2013 ஜனவரி முதல் மாதத்துக்கு 50 பைசா அளவில் டீசல் விலையை உயர்த்திக் கொண்டே வந்து, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள். நமது வாலிபரின் தகப்பனார் வண்டி வாங்கியதும் அதே வருஷத்தில்தான். டீசல் மலிவு என்று நம்பி அவர் வாங்கினார். மலிவின் ஆயுள் முடியும் தறுவாயில் வாங்கினார் என்பது அவருக்குத் தெரியாது. 2020 ஜூனில் டில்லியில் டீசல் விலை பெட்ரோல் விலையையும் தாண்டிச் சென்றதைப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025-ல் சென்னையில் இரண்டுக்கும் இடையே நின்ற வித்தியாசம் சுமார் 8 ரூபாய். முப்பத்திரண்டு எங்கே, எட்டு எங்கே!

விலை விஷயம் இவ்வாறிருக்க, யந்திரத்தின் குணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பெட்ரோல் யந்திரத்தில் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து, மின்பொறி ஒன்று பாய்ந்து எரிகிறது. டீசல் யந்திரத்தில் பொறி கிடையாது. காற்றை மாத்திரம் பதினைந்து முதல் இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது பழுக்கக் காய்கிறது. அதில் எண்ணெயைப் பீச்சியவுடன் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இந்தத் தத்துவத்தை ஓடும் யந்திரமாகச் செய்து காட்டினார். நெருக்கம் அதிகமாதலால் எண்ணெயின் சக்தி வீணாவது குறைவு. தவிரவும், லிட்டருக்கு லிட்டர் நிறுத்தால் டீசலில் சக்தியும் பத்துச் சதவிகிதத்துக்கு மேல் அதிகம். மெதுவாகச் சுழலும்போதே பலமாக இழுக்கும். ‘டீசல்தான் இழுக்கும்’ என்று டிரைவர்கள் சொல்லும் பழமொழிக்கு ஆதாரம் இதுவே. கிருஷ்ணகிரியில் மாம்பழம் ஏற்றிக்கொண்டு சூளகிரி வழியாக ஓசூருக்கு வருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதற்கு ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் இவ்வளவு ஏற்றத்தைப் பாரத்தோடு ஏறுவது விளையாட்டல்ல. சிறு சுமை வண்டி என்றாலே டீசல் என்று இந்த வட்டாரத்தில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2005-ல் வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு இரண்டே சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் யந்திரம், 2011-ல் வந்த ‘தோஸ்த்’ வண்டி ஓசூரிலேயே அசோக் லேலண்டு ஆலையில் உருவாயிற்று, அதுவும் டீசல்.

ஆனால் டீசலின் குற்றத்தை மறைப்பது நியாயமாகாது. அதன் புகையிலுள்ள நுண்ணிய கரித்தூள் நுரையீரலின் அடிவரை செல்லக் கூடியது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2012 ஜூனில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ந்த காற்றில் செல்லும் கனவான் அல்லர். வண்டியின் பின்புறம் நின்று மூட்டை இறக்கும் கூலியாளும், ஜூஜூவாடியில் வரிசையாக நிற்கும் லாரிகளின் நடுவே அகப்பட்டுக் கொள்ளும் நமது வாலிபரும்தான். ஆகையால் டீசலைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சர்க்கார் சொன்னதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலான ‘பி.எஸ்.-6’ விதி அத்தகையது. அதற்கு முன் டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் ஏறியது. இந்த வடிகட்டியைப் பற்றி வண்டி வாங்குவோர் நன்றாக அறிந்திருக்க வேண்டும். அதில் சேரும் கரி தானே எரிந்து சுத்தமாக வேண்டுமானால், வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓடி, குழாய் நன்கு சூடேற வேண்டும். பட்டறைக்கும் ஆலைக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் ஓடி, அரை மணி நின்று, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதில்லை. கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், மெக்கானிக்கிடம் போக வேண்டும், செலவு பலமாக இருக்கும். பெட்ரோல் வண்டிக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. 2020-ல் டாட்டா ஏஸ் பெட்ரோலிலும் கிடைக்கலாயிற்று; மாருதி ஸ்தாபனம் அதே வருஷத்தில் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. சிறு டீசல் யந்திரத்தைச் சுத்தப்படுத்தும் செலவு அதன் விலைக்குத் தகுந்ததாக இல்லை என்பதே காரணம்.

இனிக் கணக்குக்கு வருவோம். வாலிபரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு நாம் போட்ட கணக்கு இது. டீசல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டரும், பெட்ரோல் வண்டி 14 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொண்டோம். அவருடைய அனுபவமும் அவர் சிநேகிதர்களின் அனுபவமும் அதை ஒட்டியே இருப்பதாகச் சொன்னார். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று கொண்டால், டீசலில் ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 11 பைசாவும், பெட்ரோலில் 7 ரூபாய் 21 பைசாவும் செலவாகிறது. வித்தியாசம் 2 ரூபாய் 10 பைசா. மறுபுறம், வண்டியின் விலை. 2025 ஜூனில் வெளிவந்த ஏஸ் புரோ பெட்ரோல் வண்டியின் ஆரம்ப விலை 3 லட்சத்து 99 ஆயிரம். செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசல் வண்டி 5 லட்சத்து 52 ஆயிரம். இரண்டும் சுமக்கும் பாரம் ஒன்றல்ல என்பது மெய்யே. எனினும் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நமது வாலிபர் விடியற்காலையில் பெங்களூர் போய்வர 90 கிலோமீட்டர், பகலில் ஓசூருக்குள் 30 கிலோமீட்டர், ஆக நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வருஷத்தில் 300 நாள் என்றால் 36,000 கிலோமீட்டர். டீசலால் அவருக்கு மிஞ்சுவது வருஷத்துக்கு 75,600 ரூபாய், மாதத்துக்கு 6,300. ஒன்றரை லட்சத்தை இரண்டே வருஷத்தில் எடுத்துவிடுவார். அவருடைய மைத்துனரோ சிப்காட்டை விட்டு வெளியே போவதில்லை. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அவருக்கு மிஞ்சுவது வருஷத்துக்கு 25,200. ஒன்றரை லட்சத்தை எடுக்க ஆறு வருஷம் ஆகும். அதற்குள் வட்டியும் வடிகட்டியும் சேர்ந்து அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே மைத்துனர் பெட்ரோல் எடுப்பதே புத்திசாலித்தனம். நமது வாலிபருக்கு டீசல். ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு விதமான பதில்! ‘இப்போது எல்லாரும் பெட்ரோலுக்குப் போகிறார்கள்’ என்று டீக்கடையில் பேசுகிறவர்களும், ‘டீசல்தான் என்றைக்கும் ராஜா’ என்று அடித்துச் சொல்கிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பழைய வண்டியில் டீசல் யந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் யந்திரத்தை மாட்டிக் கொள்ளலாமே என்று ஒரு தரகர் அவரிடம் யோசனை சொன்னாராம். அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் கண்ட அமைப்பை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்திச் சொல்லியிருக்கிறது. எப்.சி.யும் கிடைக்காது, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் சந்தேகம்.

எல்லைப்புறத்தில் வசிப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அந்தந்த ராஜ்யம் தன் வரியைத் தன் இஷ்டப்படி போடுகிறது. 2021 நவம்பரில் கர்நாடக சர்க்கார் இரண்டுக்கும் லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தார்கள். நமது சர்க்கார் அதே வருஷம் ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மாத்திரம் 3 ரூபாய் குறைத்ததோடு சரி. அதன் பிறகு ஓசூர் டிரைவர் எவரும் ஓசூரில் டீசல் போட்டதாகத் தெரியவில்லை; வண்டியைத் தள்ளிக்கொண்டாவது அத்திப்பள்ளிக்குப் போய்விடுவார்கள்! ஓசூர்ப் பங்குக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். பிறகு கர்நாடகம் 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் டீசல் வரியை ஏற்றியதும், வித்தியாசம் ஓரிரண்டு ரூபாயாகச் சுருங்கிற்று. பெட்ரோலோ அங்கேதான் அதிகம் என்றாயிற்று. டீசலுக்கு அத்திப்பள்ளி, பெட்ரோலுக்கு ஓசூர் என்று 2025-ல் டிரைவர்கள் வகுத்துக்கொண்ட விதி இது. எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த ராஜ்யத்துப் பொக்கிஷத்துக்குப் பணம் கட்டுவது என்பதையும் சேர்த்தே அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வரியின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் வேடிக்கையாகவே இருக்கிறது. எண்ணெய் விற்பனைக்கு மாகாணங்கள் வரி போடலாமா என்ற வழக்கு மத்திய மாகாணத்திலிருந்து பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று. போடலாம் என்று தீர்ப்பாயிற்று. 1939-ல் சென்னை மாகாணமும் மோட்டார் எண்ணெய் விற்பனை வரிச் சட்டம் செய்தது. அப்பொழுது பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குக் கூப்பிடு தூரந்தான். தம் ஊர்க்காரர்கள் ஒரு நாள் வரிக்குப் பயந்து எல்லை தாண்டி எண்ணெய் வாங்குவார்கள் என்று அந்தக் கணக்கப்பிள்ளை மூளைக்கும் எட்டியிராது.

பெட்ரோலுக்கு மாறுகிறவர் இன்றைய பெட்ரோல் என்பது என்ன என்பதையும் அறிந்து மாற வேண்டும். 2025-ல் தேசமெங்கும் பங்குகளில் ஊற்றியது 20 சதவிகிதம் எதனால் என்ற சாராயம் கலந்த பெட்ரோல். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் அது இறங்குகிறது. கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் அந்நிய தேசத்திலிருந்து வாங்கும் நாம், நம் வயலில் விளைந்ததைக் கொண்டு ஒரு பங்கை ஈடுசெய்வதைச் சுதேசி மனப்பான்மை உள்ள எவனும் குறை கூற மாட்டான். ஆனால் எதனாலில் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. ஐந்தில் ஒரு பாகம் எதனால் என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7 சதவிகிதம் சக்தி குறைவு. யந்திரத்தை அதற்கென்று திருத்தி அமைத்தால் நஷ்டத்தைச் சிறிது குறைக்கலாம், இல்லாமலாக்க முடியாது. சக்தி குறைந்தது போல விலை குறைந்ததா? இல்லை. தேசத்துக்காகச் செய்யும் தியாகத்தைச் செய்கிறோம் என்று சொல்லிச் செய்யச் சொன்னால் செய்வதற்கு ஜனங்கள் தயார். சொல்லாமல் அளவைக் கரைப்பதைத் தராசில் விரல் வைப்பது என்றே நமது கடைத்தெருவில் சொல்வார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கணக்குப்படி நமது வாலிபருக்கு டீசல்தான் என்றோம். அப்படியானால் அவர் ஏன் தயங்குகிறார்? அவரைத் தயங்கச் செய்பவை வதந்திகள். அந்த வதந்திகளின் பிறப்பிடம் டீக்கடையல்ல, டில்லி என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டி டில்லியில் ஓடக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. பதினைந்து வருஷத்துக்குப் பதிவு செய்து, வரி வாங்கிக்கொண்டு விற்ற வண்டி, பத்தாவது வருஷத்தில் தலைநகருக்கு ஆகாததாயிற்று. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் அத்தகைய வண்டிகளுக்கு டில்லிப் பங்குகளில் எண்ணெய் ஊற்றுவதில்லை என்று உத்தரவு வந்தது. சில நாட்களுக்குள் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், சொந்தக்காரர் மீது பலவந்த நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், பழைய புகை விதிகளின்படி செய்த வண்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று திருத்தியது. நீதிபதிகளை நாம் குறை கூறவில்லை. டில்லியின் காற்று நஞ்சாகிவிட்டது என்பதும், எவரேனும் ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஆறு மாதத்துக்குள் மூன்று விதமாகக் கேட்ட உத்தரவுகளை, ஓசூரில் வண்டியை ஓரங்கட்டிக் கைப்பேசியில் அரைகுறையாகப் படிக்கும் டிரைவர் என்னவென்று புரிந்துகொள்வார்?

டில்லியோடு நின்றதா? 2023 மே மாதத்தில், முன்னாள் பெட்ரோலியக் காரியதரிசி தருண் கபூர் தலைமையில் இருந்த ஆலோசனைக் கமிட்டி, பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களில் 2027-க்குள் நான்கு சக்கர டீசல் வண்டிகளை விலக்க வேண்டும் என்று சிபார்சு செய்ததாகச் செய்தி வந்தது. அறிக்கையைச் சர்க்கார் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று விளக்கமும் கூடவே வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் போக்குவரத்து மந்திரி நிதின் கட்காரி, டீசல் வண்டிகளுக்கு 10 சதவிகிதம் கூடுதல் ஜி.எஸ்.டி. போடும்படி தாம் கேட்கப் போவதாக ஒரு கூட்டத்தில் பேசினார். மாலைக்குள்ளாகவே அப்படி ஒரு யோசனை சர்க்காரின் பரிசீலனையில் இல்லை என்று அவரே மறுத்தார். காலையில் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மறுத்தது எத்தனை பேர் காதுக்கு எட்டிற்று?

பெங்களூர் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரமாயிற்றே! அந்தச் சிபார்சு சட்டமானால் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் பாதிப்பு உண்டு. ஆனால் ஓசூர் வாலிபருக்கு அது வயிற்றிலேயே அடி. டீசல் அவருக்கு லாபமாக இருப்பது பெங்களூர்ப் பூச் சவாரியால். அந்தச் சவாரி போனால் மிச்சமிருப்பது ஓசூருக்குள் ஓடும் 30 கிலோமீட்டர். அதற்குப் பெட்ரோல் வண்டியே போதும். எந்த ஓட்டத்தை நம்பி ஒன்றரை லட்சம் அதிகம் கொடுக்கிறாரோ, அந்த ஓட்டத்தின் மீதுதான் கத்தி தொங்குகிறது. பயத்துக்கு இடம் கொடுத்துப் பெட்ரோல் எடுத்தாலோ மாதம் 6,300 ரூபாய் கையை விட்டுப் போகிறது. தாயாருக்கு மருந்து, தங்கைக்குப் படிப்பு என்று அவர் கணக்குச் சொன்னதைக் கேட்டபோது, இந்த ஆறாயிரத்தின் பெருமை நமக்கு விளங்கிற்று.

ஆலை முதலாளிகள் விஷயத்தில் சர்க்கார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.எஸ்.-6 விதியை 2020 ஏப்ரலில் அமல் செய்வோம் என்று 2016 ஜனவரியிலேயே அறிவித்தார்கள். நான்கு வருஷத்துக்கு மேல் அவகாசம். யந்திரத்தைத் திருத்தவும், சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றவும் அவகாசம் வேண்டியதே, கொடுத்தது சரியே. கோடிக்கணக்கில் முதல் போட்டவருக்கு நான்கு வருஷ நோட்டீஸ். சொந்த வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வண்டி எடுப்பவருக்கு மந்திரியின் மேடைப் பேச்சு! இந்தப் பாரபட்சத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம். சுத்தமான காற்றுக்கு நாம் விரோதியல்ல.

நாம் கேட்பது அதிகமல்ல. ஒரு வண்டி எந்த விதிப்படி சட்டப்பூர்வமாக விற்கப்பட்டதோ, அந்த விதிப்படி, எப்.சி.யில் தேறிவரும் வரை, அதன் பதிவுக் காலம் முடியுமட்டும் எந்த நகரத்திலும் ஓடலாம் என்று பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்யட்டும். காற்றின் நிலை மோசமாகி, அதற்கு முன்பே விலக்கத்தான் வேண்டும் என்றால், மிச்ச வருஷங்களுக்குத் தக்க நஷ்ட ஈடு கொடுத்து விலக்கட்டும். புது விதி இனிமேல் விற்கும் வண்டிக்குப் பொருந்தட்டும். சொந்த உபயோகத்துக்காகக் கார் வைத்திருப்போருக்கு இந்த ஈடு வேண்டியதில்லை என்று வாதிப்போர் இருக்கலாம். அதை நாம் மறுத்துப் பேசப் போவதில்லை. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் சிறு வண்டிக்காரருக்காவது அந்த உறுதி வேண்டும். கிருஷ்ணகிரித் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் இந்தக் கேள்வியை எழுப்பலாம். ஓசூரிலும் சூளகிரியிலும் உள்ள வண்டி உரிமையாளர் சங்கங்கள் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். நமது தேச ஊழியர்கள் இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்காமல் அவர்களுக்கு உதவ வேண்டும்.

மின்சார வண்டி எடுக்கலாமே என்று சில வாசகர்கள் நமக்கு எழுதக் கூடும். நியாயமான யோசனைதான். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் இந்த ஜில்லாவிலேயே நடக்கின்றன. சிறு சுமை வண்டியும் மின்சாரத்தில் வந்திருக்கிறது. பகல் ஓட்டம் மாத்திரம் உள்ள மைத்துனரைப் போன்றவர்கள் அதையும் விசாரித்துப் பார்க்கத் தக்கது. நமது வாலிபரோ, இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டுக் காலை எட்டு மணிக்குத் திரும்பி, ஒன்பது மணிக்கு மறுபடி லோடு ஏற்றுகிறவர். குடியிருப்பது வாடகை வீடு. வண்டி நிற்பது தெருவோரம். எங்கே, எப்பொழுது மின்சாரம் ஏற்றுவது என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

முடிவாக அவருக்கு நாம் சொன்னது: பூச் சவாரி நிலைத்திருக்குமானால் டீசலே எடும். ஐந்து வருஷத் தவணையை மூன்றாகச் சுருக்க முடியுமா என்று பாரும். முன்பணம் கொஞ்சம் அதிகம் போனாலும் பாதகமில்லை. கணக்குப்படி இரண்டு வருஷத்தில் கூடுதல் விலை வந்துவிடுகிறது. மூன்றில் கடனும் தீர்ந்தால், அதற்கு மேல் எந்த உத்தரவு வந்தாலும் உம்மை அதிகம் அசைக்காது. பழைய வண்டியை அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் பத்து வருஷத் தடை ஏதும் இல்லை. எப்.சி. இருக்கும் வரை ஓடட்டும்.

அவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொண்டார். எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று, “மூன்று வருஷத்துக்கு டீசல் வண்டியைப் பெங்களூருக்குள் நிறுத்த மாட்டோம் என்று சர்க்கார் எழுதிக் கொடுப்பார்களா, ஐயா?” என்று கேட்டார். அவர் கேட்டபடியே அந்தக் கேள்வியை டில்லியிலும் பெங்களூரிலும் உள்ள மந்திரிகளின் பார்வைக்கு இங்கே பிரசுரிக்கிறோம்.